ஒரு தட்டு, இரண்டு முள்கரண்டி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. ஊர் வந்து சேர்ந்து பத்து நாள் ஆகிறது. போனில் "சாப்பாடெல்லாம் எப்படிம்மா?" என்று கேட்டாய். நன்றாக இருந்தது என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அதனால்தான்.

ஸ்பெயினில் கடலோரத்து ஊரான நெர்ஹாவில் முதல் நாள் ராத்திரி எனக்கு அழுகையே வந்துவிட்டது. மலாகாவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியபோது மணி ஏழு, நல்ல பசி. அங்கே ராத்திரிச் சாப்பாடு ஒன்பது மணிக்கு மேல்தான். கடல் பார்த்த சதுக்கத்துப் பக்கம், வாசலில் படம் போட்ட பலகை வைத்து ஆள் கூப்பிட்ட ஓர் ஓட்டலில் போய் உட்கார்ந்தோம். மேலே சூடாகவும் அடியில் ஜில்லென்றும் சோறு வந்தது. கேட்காமலே வைத்த ரொட்டிக்கும் பில்லில் காசு. அப்பா ஒன்றும் பேசாமல் கொடுத்துவிட்டு எழுந்தார். நீ மிச்சம் பிடித்து அனுப்பிய பணமாயிற்றே என்று எனக்கு மனசே ஆறவில்லை.

மறுநாள் நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரம்மாதான் வழி சொன்னார். படம் போட்ட பலகை இருக்கிற இடம் வேண்டாம், உள்ளூர்க்காரர்கள் நின்றபடி சாப்பிடுகிற இடமாகப் பாருங்கள் என்றார். கடலை விட்டு இரண்டு தெரு உள்ளே போனோம். வாசலில் மதுக்கடை மாதிரி 'பார்' என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் எனக்குக் கால் எழவில்லை. எட்டிப் பார்த்தால் கைக்குழந்தையோடு ஒரு பெண், என் வயதில் இரண்டு பேர், பள்ளிக்கூடப் பிள்ளைகள். சரி என்று நுழைந்தோம்.

அப்பா மோஸ்தோ கேட்டார். அது புளிக்க வைக்காத திராட்சைச் சாறு. அதோடு சின்னத் தட்டு ஒன்றும் வந்தது. முந்தின நாள் ரொட்டி ஞாபகத்தில் நான் வேண்டாம் என்று கையசைத்தேன். கடைக்காரர் தலையை ஆட்டிவிட்டுத் தட்டை இன்னும் கிட்டத் தள்ளினார். குடிக்க எது வாங்கினாலும் கூட ஒரு தட்டு சும்மா தருவது அங்கே சில கடைகளில் வழக்கம். அந்தத் தட்டுக்குத் தபா என்று பெயர். தபா என்றால் மூடி. கோப்பையில் ஈ விழாமல் ரொட்டித் துண்டு வைத்து மூடியதில் வந்த பெயர் என்று சொல்கிறார்கள்.

தட்டில் இருந்தது நெத்திலி. முள் நீக்கி, வினிகரில் ஊறவைத்து, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்தது. அடுப்பே காணாத மீன். பயந்துகொண்டேதான் வாயில் வைத்தேன். வாடை துளியும் இல்லை.

அப்புறம் கத்திரிக்காய் வாங்கினோம். மெல்லிசாக நறுக்கி, மாவில் புரட்டிப் பொரித்து, மேலே கரும்புப் பாகைக் கறுப்பு நூல் மாதிரி ஊற்றியிருந்தார்கள். பக்கத்து மலையில் ஃப்ரிகிலியானா என்று வெள்ளையடித்த வீடுகளாக ஓர் ஊர், பாகு அங்கே காய்ச்சுவது. 711-இல் அரேபியரும் வட ஆப்பிரிக்கப் பெர்பெர்களும் ஸ்பெயினுக்குள் வந்ததைக் கரும்பலகையில் எத்தனை வருஷம் எழுதியிருப்பேன்! கத்திரிக்காயும் கரும்பும் நம் பக்கத்திலிருந்து மேற்கே போய், அரேபியர் கையில் அந்த மண்ணுக்குச் சேர்ந்தவை. பாடமாகச் சொல்லிக்கொடுத்தது அன்றைக்குத்தான் நாக்கில் பட்டது.

நான் எழுத உட்கார்ந்தது இதைச் சொல்லத்தான். அங்கே ஆளுக்கொரு தட்டு வைப்பதில்லை. நடுவில் ஒரு தட்டு, இரண்டு முள்கரண்டி. அவர் சாப்பிடட்டும் என்று நான் பழக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவரும் தொடவில்லை. "நீ எடு" என்றார். கல்யாணமாகி 38 வருஷம். நான் நின்று பரிமாறுவேன், அவர் சாப்பிடுவார், நீ சாப்பிடுவாய், மிச்சத்தோடு நான் அடுக்களையில் உட்காருவேன். அப்படிச் செய் என்று யாரும் சொன்னதில்லை. வேண்டாம் என்றும் சொன்னதில்லை. கடைசியாக ஒரு துண்டு கத்திரிக்காய் இருந்தது. அப்பா அதை முள்கரண்டியால் பிளந்து, பாகு நிறைய ஒட்டியிருந்த பாதியை என் பக்கம் ஒதுக்கினார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது தம்பி.

மீதி நாளும் அப்படித்தான். புரியானா கடற்கரையில் பழைய படகில் மணல் நிரப்பி, அதில் விறகு எரிக்கிறார்கள். குச்சியில் ஆறு மத்தியைக் கோத்து நெருப்புக்கு எதிரே நட்டுவிடுகிறார்கள். கல் உப்பைத் தவிர ஒன்றும் கிடையாது. கையால்தான் பிய்த்துச் சாப்பிட வேண்டும். அப்பா நடுமுள்ளை வால் வரைக்கும் உரித்து எடுத்துவிட்டு எனக்குக் கொடுத்தார். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உனக்குச் செய்வாரே, அதே மாதிரி.

நேற்று வீட்டில் அந்தக் கத்திரிக்காயைச் செய்து பார்த்தேன். உப்புப் போட்டு அரை மணி நேரம் வைத்து, தண்ணீரைத் துடைத்துவிட்டு மாவில் புரட்டு. எண்ணெய் நன்றாகக் காயட்டும், இல்லையென்றால் குடித்துவிடும். கரும்புப் பாகு கிடைக்காததால் வெல்லப் பாகு காய்ச்சினேன், குறை சொல்ல முடியாது. தட்டை நடுவில் வைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன். வந்தார், ஆனால் உட்காரவில்லை. நான் அடுப்பை அணைத்து, கை கழுவிக்கொண்டு வரும்வரை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பொங்கலுக்கு லீவு கிடைத்தால் முன்கூட்டியே சொல்லு.

அன்புடன்,
அம்மா