கழுத்துறைக்கு ஒரு நன்றி நவிலல்

நன்றி நவிலல் என்றதும் யாருடைய அந்தியேட்டி என்று பதற வேண்டாம், வீட்டில் எல்லோரும் சுகம். தருமபுரத்திலிருந்து ரொறன்ரோவுக்கு, குளிருக்குக் கழுத்தில் போடுகிற நான்கு கழுத்துறைகள் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அதற்குத்தான் இந்த மடல்.

தம்பியின் பிள்ளைகளுக்குச் சால்வை தைத்து அனுப்பலாம் என்றுதான் இருந்தேன். அவன் வேண்டாம் என்றான். சறுக்கி விளையாடும்போது நீளத் துணி எங்காவது மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடுமாம். சின்னதுகளுக்குத் தலையால் போடுகிற நெக் வோமர்தான் நல்லதாம். "தலையணைக்கு உறை மாதிரிக் கழுத்துக்கு உறை" என்றார் அம்மா. பெயர் நின்றுவிட்டது.

முதல் நன்றி கிளிநொச்சிச் சந்தைத் துணிக்கடை அண்ணைக்கு. இந்த வெயிலுக்குள் பிளீஸ் என்கிற குளிர்த்துணி கேட்ட என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வெட்டுத்துண்டு மூட்டைகளைக் கிளறி அடியிலிருந்து எடுத்துத் தந்தார். விலை குறைத்ததை வெளியில் சொல்ல வேண்டாம் என்றார். சொல்லிவிட்டேன்.

பக்கத்து வீட்டு அன்ரி தன் கால்மெஷினை ஒரு கிழமைக்கு எங்கள் விறாந்தையில் விட்டு வைத்தார். அவருக்கும் நன்றி.

தையல் ரீச்சர் அக்காவுக்குத்தான் பெரிய கடன். முதல் உறையை அவரைக் கேட்காமலே வெட்டினேன். கழுத்தை அளந்தேன், கொஞ்சம் கூட்டினேன், தைத்தேன். போட்டுப் பார்த்தால் நெற்றிக்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது. அக்கா சிரித்து முடிக்க நேரமானது. "கழுத்துக்குப் போறது தலையாலதானே பிள்ளை போகவேணும்?"

பிளீஸ் குறுக்குவாட்டில் இழுபடும், அதைச் சுற்றளவுக்கு வைக்க வேண்டும். ஆனால் உள்ளுக்கு நான் வைத்தது அம்மாவின் பழைய நூல்சேலை, அது இழுபடாது. ஆகவே தலையை அளந்து மூன்று சென்ரிமீற்றர் கூட்டச் சொன்னார். தம்பிக்கான உறையைச் சொல்கிறேன், அவன் தலை 57. தையலுக்கும் சேர்த்து 62க்கு 27 என்று பிளீஸில் ஒன்று, சேலையில் ஒன்று வெட்டினோம். நல்ல பக்கங்களை உள்ளே வைத்து நீளப்பக்கம் இரண்டையும் தைத்து, குழாயைப் புரட்டி, இரண்டு வாயையும் பொருத்திச் சுற்றித் தைத்தோம். மெஷின் எட்டாத நான்கு விரல் இடைவெளியைக் கையால் மூடினேன். தடிப்பான துணி என்பதால் தையலை நீளமாக்கியதும், அயன்பெட்டியை என் கையிலிருந்து பறித்ததும் அக்காதான். பிளீஸ் பொலியெஸ்ரர், சூட்டில் உருகிவிடும்.

லீவு முடிந்து கனடா திரும்பிய மாமி, மிளகாய்த்தூளுக்கும் ஒடியலுக்கும் நடுவில் என் பார்சலுக்கு இடம் பிடித்தார். அதற்காக இரண்டு சோடிச் செருப்பை இங்கேயே விட்டுவிட்டுப் போனார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

போன கிழமை படம் வந்தது. சின்னவள் மூக்கு வரை இழுத்துவிட்டிருக்கிறாள். "அப்பம்மா மணக்குது" என்றாளாம். அது மிளகாய்த்தூள் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை.

ரீச்சர் அக்கா, உங்கள் கத்தரிக்கோல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கொண்டு வருகிறேன்.