ஓமானில் நின்ற கார்

ரோஸ்ஹில், மொரீஷியஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? இங்கே கரும்பு வெட்டு தொடங்கிவிட்டது, வேலைக்குப் போகிற வழியெல்லாம் லோடு லாரிகள். ரூபாய் நோட்டில் தமிழ் எண் அச்சடித்திருக்கிறது, ஆனால் தெருவில் கிரியோல் மொழிதான். இப்போது எனக்கும் கொஞ்சம் வருகிறது.

பழைய காரில் ராஸ்பெரி பை என்கிற சின்னக் கம்ப்யூட்டர் பலகையை வைத்து நானே ஒரு கம்ப்யூட்டர் செய்தேன் என்று எழுதியிருந்தேனே, அதில் ஜிபிஎஸ் சேர்த்துவிட்டேன். நாலே ஒயர். நீங்கள் ரேடியோ கடையில் கற்றுக்கொடுத்தபடி முதலில் நுனியில் ஈயம் பூசிக்கொண்டுதான் பற்றவைத்தேன். நாலு பொட்டும் பளபளவென்று உட்கார்ந்தன. உங்களிடம் காட்ட வேண்டும் போலிருந்தது.

தகரக் கொட்டகைக்குள் அரைமணி நேரம் காத்திருந்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. 20,000 கிலோமீட்டருக்கு மேலிருந்து வருகிற சிக்னல், தகரம் மறைத்தால் அவ்வளவுதான். காரைத் தெருவுக்குத் தள்ளினேன். குறைந்தது நாலு சாட்டிலைட் வேண்டும்; இடத்தோடு நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட அந்த நாலாவது. கொஞ்ச நேரத்தில் வரைபடத்தில் கார் தெரிந்தது. எங்கே தெரியுமா? ஓமான் பாலைவனத்தில்!

கருவி நொடிக்கு நொடி ஒரு வரி அனுப்புகிறது. எண்ணுக்குப் பின்னால் தெற்கு என்பதற்கு ஓர் எழுத்து வரும். நான் எழுதிய புரோகிராம் அதைப் படிக்கவே இல்லை. தெற்கே 20 டிகிரியில் இருக்கிற எங்கள் ஊர் வடக்கே போய்விட்டது. அதைச் சரிசெய்தால் கார் கடலில், கரைக்கு மேற்கே! இரண்டு ராத்திரி தூக்கமில்லை. கடைசியில் தாத்தாவின் பஞ்சாங்கம்தான் நினைவுக்கு வந்தது: 60 கலை ஒரு பாகை, அதாவது ஒரு டிகிரி. தீர்க்கரேகையைக் கருவி 5728 என்று சொன்னால் 57 பாகை, 28 கலை. 28-ஐ 60-ஆல் வகுத்து 57.47 என்று எடுக்க வேண்டும், நான் 57.28 என்றே எடுத்திருந்தேன். திருத்தியதும் கார் வீட்டு வாசலுக்கே வந்து நின்றது. அப்பா, நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார்.

திரையின் மூலையில் நம் ஊர் வீட்டுக்கு உள்ள தூரமும் தெரிகிற மாதிரி செய்திருக்கிறேன். இப்போதைக்குக் கும்பகோணம் என்று பொதுவாகக் கொடுத்ததில் சுமார் 4,200 கிலோமீட்டர் காட்டுகிறது. அது போதாது. தம்பியைப் போனோடு நம் வேப்பமரத்தடியில் நிற்கச் சொல்லி, அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் வரை எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகன்