மல்லாந்து கிடந்த மீனாட்சி

லெஸ்டர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சண்முகம்,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. மனதாரத் திட்டிக்கொள். என் மூட்டு வலி பரவாயில்லை, சரோஜாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, குளிர் மட்டும் விடுவதாக இல்லை. நலம் விசாரிப்பு முடிந்தது. விஷயத்துக்கு வருகிறேன். இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது.

அமுதா படிக்கப் போகும்போது தன்னுடைய டரான்டுலாவை, அதுதான் உடம்பெல்லாம் முடி உள்ள பெரிய சிலந்தி, எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனாள். மெக்சிகோவின் சிவப்பு முழங்கால் வகை. காட்டில் பிடித்ததல்ல, கூண்டில் வளர்ப்பவர்களிடம் பிறந்த குட்டி. காலை விரித்தால் இரண்டரை அங்குலம் இருக்கும். ஆணா பெண்ணா என்று தெரிவதற்கு முன்பே மீனாட்சி என்று பெயர் வைத்துவிட்டாள். நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. கிணற்றடியில் நான் ஓடிய ஓட்டத்தை மட்டும் அவளிடம் சொல்லித் தொலைக்காதே.

மூன்று வாரமாக மீனாட்சி எதையும் தின்னவில்லை. வயிற்றின் மேல் முடி உதிர்ந்த இடம் நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டே வந்தது. எனக்கென்ன தெரியும்? புதன்கிழமை ஒரு சுவர்க்கோழியைப் பெட்டிக்குள் விட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். இரவு ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து எட்டிப் பார்த்தால், மெல்லிய நூலால் பாய் விரித்து அதன் மேல் மல்லாந்து கிடக்கிறது. அசைவில்லை. கதை முடிந்தது என்று காலி மிட்டாய் டப்பாவைக்கூடத் தேடி எடுத்துவிட்டேன்.

பயத்தில் அமுதாவைப் போன் போட்டு எழுப்பினேன். தொட்டால் இனிமேல் பேசவே மாட்டேன் என்று அலறினாள். சாகிற சிலந்தி கால்களை அடியில் சுருட்டிக்கொண்டு கிடக்குமாம். மல்லாந்து கிடந்தால் சட்டை உரிக்கிறது என்று அர்த்தமாம். பிறகு கேட்டாள், உள்ளே பூச்சி எதுவும் இல்லையே என்று. இல்லை என்று சொல்லிவிட்டேன், சண்முகம். வாய் கூசாமல் சொன்னேன்.

உரிக்கும்போது உடம்பு வெண்ணெய் மாதிரி இருக்குமாம். சாதாரணச் சுவர்க்கோழியே கடித்துக் குதறிவிடும். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, நீளமான இடுக்கியால் இருபது நிமிடம் துழாவினேன். அது தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால் மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது. ரயில்வே பரீட்சையில்கூட என் கை அப்படி நடுங்கியதில்லை. ஒருவழியாகப் பிடித்தேன்.

அதன்பிறகு தூக்கம் ஏது? நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். முதுகின் ஓடு டப்பா மூடி போலத் திறந்தது. இறுகிய வளையலைக் கழற்றுவது போலக் கொஞ்சம் இழுப்பதும் கொஞ்சம் இளைப்பாறுவதுமாக எட்டுக் கால்களையும் உருவியது. வெளியே வந்தபோது பல் வெள்ளை வெளேரென்று இருந்தது. காலையில் சரோஜா பார்த்துவிட்டு, குட்டி போட்டுவிட்டது என்று கத்தினாள். அவள்மேல் குற்றமில்லை. பழைய சட்டை பல் முதற்கொண்டு இன்னொரு சிலந்தியாகவே கிடந்தது.

இப்போது நான்கு நாள் ஆகிறது. கிண்ணத்தில் தண்ணீர் நிரப்புவதைத் தவிர எனக்கு வேலை இல்லை, அதுதான் கஷ்டம். மறுநாளே தீனி போடலாம் என்று கடைக்காரர் சொன்னார். அமுதா அவரைக் கிழித்துவிட்டாள். பல் வெள்ளையிலிருந்து சிவந்து, சிவப்பிலிருந்து நன்றாகக் கறுத்த பிறகுதான் இரை. அதுவரை கையில் எடுக்கவும் கூடாது. கொஞ்சம் உயரத்திலிருந்து விழுந்தாலே வயிறு கிழிந்துவிடும். இன்று கண்ணாடியில் ஏறியபோது டார்ச் அடித்துப் பார்த்தேன். சிவப்பு.

வாரம் ஒருமுறை பேசிய பெண் இப்போது தினம் இரண்டு முறை கூப்பிடுகிறாள். மீனாட்சியைப் பற்றி மட்டும்தான் கேட்கிறாள் என்று சரோஜாவுக்குக் குறை. எனக்கு அதுவே போதும். அடுத்த வாரம் வந்து, அந்தச் சட்டையைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து, லென்ஸ் வைத்து ஆணா பெண்ணா என்று பார்ப்பாளாம். ஆண் என்றால் சில வருடங்கள்தான். பெண் என்றால் 20 வருடத்துக்கும் மேல் இருக்கும். எனக்கு 64 முடிந்துவிட்டது. கணக்கில் நீதான் புலி, போட்டுப் பார்.

அந்தச் சுவர்க்கோழியை ஜாம் பாட்டிலில் போட்டு, மூடியில் ஓட்டை குத்தி வைத்திருக்கிறேன். சரோஜா அதற்குக் கேரட் நறுக்கிப் போடுகிறாள். எழுதிக்கொண்டிருக்கும்போதே அடுப்படியிலிருந்து கத்துகிறது.

உன்,
ராமு