வயலின் மூலை

ஹாலே, ஜெர்மனி
பொங்கல் கழிந்த வாரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். கர்த்தருடைய கிருபையால் நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் தம்பியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். சம்பா அறுப்பு தொடங்கியிருக்கும். கதிர் முற்றி நிற்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டுமே என்று இங்கிருந்தே வானிலைச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

லெந்து தவக்காலக் கூட்டத்தில், உலகத்துக்கு ஒத்துப்போகாதிருங்கள் என்கிற ரோமர் 12:2-ஐ வைத்து உங்களைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள், வெளிநாட்டில் இருக்கிற நீ இதைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று போனில் கேட்டீர்கள். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. ஒரு வாரமாக யோசித்துத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே முதியோர் இல்லத்தில் காலை ஆறு மணிக்கு என் வேலை தொடங்குகிறது. இந்த மாதங்களில் இருட்டில் போய், பல நாள் இருட்டிலேயே திரும்புகிறேன். நாம் தரங்கம்பாடிச் சபைப் பிள்ளைகள் என்பதால், வந்த முதல் மாதத்திலேயே போதகர் பிராங்கே ஐயர் அனாதைப் பிள்ளைகளுக்காக 1698-இல் கட்டத் தொடங்கிய பெரிய வீட்டைப் போய்ப் பார்த்தேன். முகப்பின் உச்சியில் இரண்டு கழுகுகள் சூரியனை நோக்கிப் பறக்கின்றன. அதன் கீழே ஏசாயா 40:31, நீங்கள் எனக்கு மனப்பாடம் செய்வித்த அதே வசனம். அங்குள்ள காப்பகத்தில் நம் நாட்டிலிருந்து வந்த தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. ஹாலேயில் படித்த மிஷனரி சீகன்பால்க் ஐயர் 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார் என்பதை நான் ஞாயிறு பள்ளியில் எத்தனை முறை கேட்டிருப்பேன்! இப்போது அவருடைய மொழியை நான் அதேபோலக் குழந்தைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகக் கற்கிறேன்.

ஆனால் அப்பா, நமக்கு வேதத்தை அனுப்பிய இந்த ஊரில் இன்றைக்குப் பெரும்பாலோர் எந்தச் சபையையும் சேராதவர்கள். நான் போகும் ஆலயத்தில் ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்களை நம் ஊர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார வைத்துவிடலாம். முதலில் இது எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது. உலகத்துக்கு ஒத்துப்போகாமல் வாழ்வது என்றால் இவர்களிடமிருந்து ஒதுங்கியிருப்பதுதான் என்று எண்ணி, யாரோடும் பழகாமல் என் அறையில் வேதத்தோடு இருந்தேன்.

போன டிசம்பரில் பனி கொட்டியது. எங்கள் கட்டடத்தில் வாசல் நடைபாதைப் பனியை வாரி, வழுக்காமல் இருக்கப் பொடிக்கல் தூவுவது வாரத்துக்கு ஒரு வீட்டாரின் முறை. அந்த வாரம் என் முறை. எனக்கு அது சரியாகத் தெரியாது. விடியற்காலை ஐந்து மணிக்குச் சிமெண்டுத் தரையில் மண்வெட்டியைத் தேய்ப்பது போன்ற சத்தம் கேட்டுக் கீழே இறங்கினால், எதிர்வீட்டுப் பாட்டி பனி வாரிக்கொண்டிருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். வாளியிலிருந்து பொடிக்கல்லை விதைநெல் தெளிப்பதுபோல வீசி, வாசலோடு நிறுத்தாமல் டிராம் நிறுத்தம் வரைக்கும் எனக்கு வழி செய்திருந்தார். நான் கையைப் பிடித்து நன்றி சொன்னபோது, ‘உனக்குப் பனி புதிதல்லவா’ என்று மட்டும் சொன்னார். அவர் ஞானஸ்நானம் பெற்றவர் அல்ல. ஆலயத்துக்குப் போகிறவரும் அல்ல. ஒரு மைல் தூரம் வரச்சொன்னால் இரண்டு மைல் போ என்று ஆண்டவர் சொன்னதை நான் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

டிராமில் உட்கார்ந்ததும் எனக்கு லேவியராகமம் 19:34 நினைவுக்கு வந்தது: ‘உங்களிடத்தில் வாசம்பண்ணுகிற அந்நியனைச் சுதேசிபோல எண்ணி’. கூடவே, நம் மோட்டார் கொட்டகையும் நினைவுக்கு வந்தது. அங்கே நடவுக்கு வந்து தங்கியவர்கள் மேற்கு வங்காளத்துக்காரர்கள், பேசுவது வங்காளம். நாம் அவர்களை ‘இந்திக்காரர்கள்’ என்றே சொன்னோம். ஒருவருடைய பெயரைக்கூட நான் கேட்கவில்லை. மழையில் கொட்டகைத் தகரம் ஒழுகி அவர்கள் அரிசி மூட்டையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்துதான் நான் அன்றிரவு பாடற்பயிற்சிக்குப் போனேன். அதை நினைத்து டிராமில் அழுதேன் அப்பா.

ரோமர் 12:2-இல் ‘இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல்’ என்று இருக்கிறது. வேஷம் என்றவுடன் நாம் சினிமாவையும் நகையையும் உடுப்பையும்தான் பேசுகிறோம். இவற்றைத் தள்ளுவது எளிது. தள்ளியதை நாலு பேர் பார்க்கவும் செய்வார்கள். நம் மேல் ஒட்டிக்கொண்டு நமக்கே தெரியாமல் போன வேஷம் சாதிதான். 1833-இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று உத்தரவிட்டபோது, தஞ்சாவூர்ச் சபையில் பலர் உத்தரவை ஏற்காமல் விலகிப் போனார்கள். பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் தரித்திரனுக்குப் பாதபடியும் கொடுக்காதீர்கள் என்று யாக்கோபு எழுதியிருந்தது அவர்கள் கையில் இருந்த வேதத்திலும் இருந்ததுதானே. நம் தெருவும் கீழத்தெருவும் இன்றைக்கும் ஒரே பந்தியில் சாப்பிடத் தயங்குவதை நீங்கள் அறிவீர்கள். இதைக் கூட்டத்தில் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். சீகன்பால்க் ஐயர் ஓர் ஏழை விதவைக்காகப் பரிந்து பேசப் போய், 1708-இன் கடைசியில் தரங்கம்பாடியில் டேனியரின் டேன்ஸ்போர்க் கோட்டையில் நான்கு மாதம் அடைபட்டார். அவரை அடைத்தவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்களே.

அதே வசனத்தில் ‘மறுரூபமாகுங்கள்’ என்கிற வார்த்தை, மலையின்மேல் ஆண்டவர் மறுரூபமானதைச் சொல்லும் மத்தேயு 17:2-இலும் வருகிறது. கிரேக்கத்திலும் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல்தான் என்று இங்குள்ள போதகர் காட்டினார். அது ஒரு நாளில் நமக்குள் முடிகிற காரியம் அல்ல. ஆனாலும் தொடங்குவதற்கு ஓர் இடம் வேண்டும், அந்த இடம் நம் வயலிலேயே இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

லேவியராகமம் 19:9, வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே என்கிறது. ரூத் என்ற மோவாபியப் பெண் போவாஸின் வயலில் கதிர் பொறுக்கிப் பிழைத்தது இந்தக் கட்டளையால்தான். இப்போது மிஷின் அறுக்கிறது. அது திரும்ப முடியாத நாலு மூலையையும் நாம் முன்னதாகவே ஆள் விட்டு அரிவாளால் அறுத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். இந்த வருஷம் அந்த மூலைகளைக் கீழத்தெரு ஆயாக்கள் அறுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிடுங்களேன். நாம் கடைமடைக்காரர்கள், மேல்மடையில் இருக்கிறவர் தன் வயல் நிரம்பியதும் தண்ணீரைக் கீழே விட்டால்தான் நமக்குப் பயிர் என்பது மற்ற எவரையும்விட நமக்குத் தெரியும்.

இந்த மாதம் பதினைந்தாயிரம் ரூபாய் கூடுதலாக அனுப்பியிருக்கிறேன். காணிக்கைக்கு அல்ல. ஜூனில் மேட்டூர் திறந்து குறுவை நடவுக்கு அவர்கள் வருவதற்குள் கொட்டகைக்குப் புதுத் தகரம் போட்டு, ஒரு மின்விசிறியும் மாட்டுங்கள். தம்பியை வைத்து ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு எழுதி அனுப்பச் சொல்லுங்கள், நான் ஜெபத்தில் வைத்துக்கொள்கிறேன். அறுப்பின் பண்டிகை விருந்தில் அவர்களும் நம்மோடு பந்தியில் உட்காரட்டும்; பரிமாறுவது அம்மாவாக இருக்கட்டும்.

உங்கள் அன்பு மகள்