எல்லைக் கிராமங்களுக்குக் கோடையில் மாணவர்களை அனுப்புகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திட்ட அலுவலர்களுக்கும் கல்லூரிப் பொறுப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடைப்பட்ட ஊர் ஒன்றில் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தின், அதாவது கேரள அரசுத் திட்டத்தின் கீழ் இயங்கும் பெண்கள் சுயஉதவிக் குழுவின், செயலாளராக இருக்கிறேன். கோடை விடுமுறையில் மக்கள் தொடர்புப் பயிற்சி என்று நீங்கள் அனுப்பும் கல்லூரிப் பிள்ளைகளை வீடு வீடாக அழைத்துச் செல்வது பெரும்பாலும் என்னைப் போன்ற பெண்கள்தான். உங்கள் அறிக்கைகளில் நாங்கள் 'உள்ளூர் ஒத்துழைப்பு' என்ற இரண்டு சொற்களாக இடம்பெறுகிறோம். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

பிள்ளைகள் மேல் எனக்குக் குறையே இல்லை. வெயிலில் முகம் கறுத்துப் போனாலும் சிரித்துக்கொண்டே வருகிறார்கள். கொடுத்த மோரை மறுக்காமல் குடிக்கிறார்கள். என் குறை நீங்கள் வைத்திருக்கும் கணக்கு முறையில். எத்தனை வீடு ஏறி இறங்கினீர்கள், எத்தனை துண்டறிக்கை கொடுத்தீர்கள், பேனருடன் படம் எடுத்தீர்களா: நீங்கள் கேட்பது இவ்வளவுதான். கேட்பதைத்தானே அவர்கள் செய்வார்கள்? ஒரு திண்ணையில் அரை மணி நேரம் உட்கார்ந்து, ஒரு பாட்டியின் ஓய்வூதியம் ஏன் நின்றது என்று விசாரிக்கும் மாணவிக்கு உங்கள் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. அன்று அவள் போன வீடுகள் குறைவு என்பது மட்டும் பதிவாகிறது.

அந்த ஓய்வூதியத்தையே எடுத்துக்கொள்வோம். நலத்திட்ட ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் உயிருடன் இருப்பதை நிரூபிக்க மஸ்டரிங் செய்ய வேண்டும். 2024இலும் 2025இலும் அது ஜூன் கடைசியில் தொடங்கி ஆகஸ்டு வரை நடந்தது. அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயாவுக்குப் போய் விரல் வைத்தால் அப்போது 30 ரூபாய். படுத்த படுக்கையாக இருப்பவரின் வீட்டுக்கு மையத்து ஊழியர்களே வந்தால் 50 ரூபாய். நிலக்கடலை வயலிலும் செங்கல் சூளையிலும் தேய்ந்துபோன விரல்களை அந்தக் கருவி ஏற்காது. அப்படிப்பட்டவர்கள் பஞ்சாயத்தில் வாழ்வுச் சான்று கொடுக்கலாம் என்று வழி இருக்கிறது. ஆனால் வழி இருப்பது தெரியாமல், 'கருவி வேலை செய்யவில்லையாம்' என்று திரும்பி வந்து, அடுத்த தவணை வராதபோதுதான் கலங்குகிறார்கள். மே மாதம் ஒரு வார்டுக்கு வரும் இரண்டு மாணவர்கள், படுக்கையில் இருப்பவர் யார், விரல் பதியாதவர் யார் என்று ஒரு பட்டியல் எழுதி அக்ஷயாவிலும் பஞ்சாயத்திலும் ஒவ்வொரு படி கொடுத்தால் போதும். ஜூனில் பாதி அலைச்சல் இல்லாமல் போகும். இதற்கு டீசர்ட்டும் தொப்பியும் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும்.

2024இல் கேரளத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பு தொடங்கியபோது பயிற்சிக்கும் கிரெடிட் உண்டு என்றார்கள். நல்லது. குறைந்தது 60 மணி நேரம் என்று வைத்தால், நாளைக்கு ஆறு மணி நேரமாகப் பத்து நாள் வருகிறது. பத்து நாளில் ஒரு பஞ்சாயத்து முழுவதையும் 'சென்றடைய' முடியாது. முடிந்ததாக எழுதத்தான் முடியும். அதே பத்து நாளை ஒரே வார்டில் செலவழித்தால் தெருக்களின் பெயர் தெரியும், நாய்கள் குரைப்பதை நிறுத்தும், ஐந்தாறு மனுக்களாவது கடைசிப் படி வரை போகும். எனக்கு இருக்கும் ஒரே கோரிக்கை இதுதான்: ஏறி இறங்கிய வீடுகளை எண்ணாதீர்கள், முடிந்த மனுக்களை எண்ணுங்கள்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலை பதினொரு மணிக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். அந்த நேரத்தில் எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் போக, மற்றவர்கள் முதல் பஸ்ஸிலேயே கோயம்புத்தூர்ப் பக்கமோ பொள்ளாச்சிப் பக்கமோ கிளம்பியிருப்பார்கள். கள் இறக்குகிறவர்கள் வெயில் ஏறுவதற்குள் மரத்தை விட்டு இறங்கி அசந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். மிஞ்சுவது கிழவர்களும் குழந்தைகளும். 'வீட்டில் பெரியவர்கள் இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த வாசலுக்குப் போவதில் யாருக்கு என்ன லாபம்? மாலை ஐந்து மணிக்கு மேல் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அயல்கூட்டம் கூடும்போது வாருங்கள். பத்திருபது பெண்கள் ஒரே இடத்தில் கிடைப்பார்கள்.

மேலும், 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். வெட்டவெளியில் வேலை செய்வோருக்குப் பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வு கொடுக்க வேண்டும் என்று தொழிலாளர் துறை கோடைதோறும் உத்தரவு போடுகிறது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு மட்டும் வெயில் தணிந்து அடிக்குமா?

மொழியைப் பற்றி எழுதாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். எழுதினால் வேறு நிறம் பூசுகிறவர்கள் உண்டு. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் பேச்சு தமிழ். பல வீடுகளில் படிப்பும் தமிழ் மீடியம். மலையாளம் காதில் விழுந்தால் புரியும், காகிதத்தில் வந்தால் பல பெரியவர்களுக்குப் புரியாது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழரும் கன்னடரும் தங்கள் மொழியிலேயே அரசு அலுவலகங்களுக்கு எழுதவும் அம்மொழியிலேயே பதில் பெறவும் இடம் கொடுக்கிறது. குறைதீர்க்கும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசமைப்பின் 350ஆவது பிரிவும் சொல்கிறது. ஆக, புதிதாக எந்த உரிமையையும் நான் கேட்கவில்லை. தமிழில் அச்சடித்த துண்டறிக்கையைப் பையில் போட்டு அனுப்புங்கள் என்கிறேன்.

இதில் எனக்கு விளங்காதது ஒன்று உண்டு. எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி கல்லூரியில் தமிழ் படிக்கிறாள். தமிழும் மலையாளமும் அவளுக்கு ஒன்றுபோலத் தண்ணீர் பட்ட பாடு. அவளுக்குப் பயிற்சி கிடைத்த இடம் நகரத்தில் ஓர் அலுவலகம்; வேலை, கணினியில் பெயர்களை ஏற்றுவது. அதே மாதம் எங்கள் தெருவுக்கு வந்தவர்கள் தமிழ் எழுத்தே தெரியாத, நல்ல மனம் கொண்ட தென்கேரளப் பிள்ளைகள். அவர்கள் பேசியதை நான் திருப்பிச் சொல்ல, பாட்டிகள் சொன்னதை நான் மறுபடி திருப்பிச் சொல்ல, பொழுது போயிற்று. யார் எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்கிறவர் விண்ணப்பத்தில் தாலுகாவின் பெயரைக்கூடப் பார்ப்பதில்லையா? வெளியூர்ப் பிள்ளைகள் வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இரண்டு பேரை அனுப்பினால் ஒருவர் இங்கே பேசத் தெரிந்தவராக இருக்கட்டும்.

எங்கள் மக்கள் கேள்விகளுக்கு வேண்டாவெறுப்பாகப் பதில் சொல்கிறார்கள் என்று மாணவர்கள் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. பக்கத்திலிருக்கும் பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடாவை நினைத்துப் பாருங்கள். 2000இல் கோகோ-கோலா குளிர்பான ஆலை வந்தது, கிணறுகள் வற்றிக் கெட்டுப்போயின என்று மக்கள் போராடினார்கள், 2004இல் உற்பத்தி நின்றது. அதற்குள்ளும் அதற்குப் பின்னும் கிணற்று நீரை எடுத்துப் போனவர்கள், எரவாளர் பழங்குடிக் குடியிருப்புகளில் கேள்வித்தாளோடு உட்கார்ந்தவர்கள், ஆய்வேடு எழுதியவர்கள் எத்தனை பேர்! 2010இல் அரசின் உயர்நிலைக் குழு இழப்பை 216 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. 2011இல் சட்டமன்றம் இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் அது திரும்பி வந்தது. சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடித்த ஒரு வட்டாரம் இது. இங்கே ஒரு மாணவி பேனாவைத் திறந்து 'உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?' என்று கேட்டால், முகம் திரும்பத்தான் செய்யும். சித்தூர் வட்டாரத்தில் நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்படுகிறது என்பது மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் ஆவணங்களிலேயே இருக்கிறது. அதைப் படித்துவிட்டு வந்து, 'லாரித் தண்ணீர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறது, வராத நாளில் யாரைக் கூப்பிடுகிறீர்கள்?' என்று கேட்டால் பேச்சு வேறு மாதிரி போகும்.

இன்னொன்று: பிள்ளைகள் எழுதும் அறிக்கை எங்கே போகிறது? கல்லூரிக்குப் போகிறது, மதிப்பெண் வருகிறது. அதில் இருப்பது எங்கள் வீட்டுச் சங்கதி; எங்களில் ஒருவரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கிராமசபை கூட வேண்டும். பயிற்சி முடிந்து அடுத்து வரும் கிராமசபையில் அந்த மாணவர்கள் பத்து நிமிடம் எழுந்து நின்று, கண்டதைத் தமிழில் சொல்லட்டும். வார்டு மெம்பர் எதிரே உட்கார்ந்திருப்பார். தவறாக எழுதியிருந்தால் எங்கள் பெண்களே அங்கேயே திருத்துவார்கள். இதைவிடக் கடினமான வாய்மொழித் தேர்வை எந்தப் பேராசிரியரும் வைத்துவிட முடியாது.

பஸ் கட்டணத்தையும் யோசியுங்கள். கல்லூரி மூடியிருக்கும் மாதத்தில் சலுகை அட்டையை நீட்டினால் கண்டக்டரின் பார்வை எப்படி இருக்கும் என்று மாணவர்களைக் கேளுங்கள். ஊதியம் இல்லாத பயிற்சி என்றால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே முழுக் கட்டணம் கொடுத்து வர முடியும். பயிற்சிக் காலத்துக்கு ஒரு கடிதம், முத்திரையோடு, ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள், முடிந்தால் வழிச்செலவும்.

எங்கள் பக்கத்திலிருந்து என்ன தருவோம் என்று கேட்பீர்கள். எந்தத் தேதியில் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை ஒரு வாரம் முன்னால் சொல்லிவிட்டால் மதியச் சாப்பாடு அயல்கூட்டத்தின் பொறுப்பு. பகல் மூன்று மணி வரை அங்கன்வாடித் திண்ணையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து மனு எழுதலாம். மாலையில் கூட வருவதற்கு ஒவ்வொரு தெருவிலும் ஒரு பெண்ணை நியமித்துத் தருகிறோம். மாணவிகள் இருட்டுவதற்குள் கடைசி பஸ்ஸைப் பிடித்தார்களா என்று பார்ப்பதும் எங்கள் வேலை. படுக்கையில் இருப்பவர்களின் பட்டியலைப் பாதிவரை நானே எழுதி வைத்திருக்கிறேன். மீதித் தெருக்களுக்கு இரண்டு பேர் வேண்டும்.

இப்படிக்கு,
சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஊர்களிலிருந்து ஓர் அயல்கூட்டச் செயலாளர்