சாகேல் எல்லையும் நம் தொழிலாளர்களும்

ஆசிரியருக்கு,

2025 நவம்பரில் மாலியில் மின்பணிக்குப் போன தமிழகத் தொழிலாளர்கள் ஐந்து பேர் கடத்தப்பட்டபோது, தூதரகம் என்ன செய்கிறது என்பதோடு பேச்சு நின்றுபோனது. அதே ஆண்டு பக்கத்து நாடான நைஜரிலும் மின்பாதை வேலையில் இருந்த இந்தியர்கள் சிலர் கொல்லப்பட்டார்கள், சிலர் கடத்தப்பட்டார்கள். அங்குள்ள அண்டை நாடுகளின் கூட்டு எல்லைக்காவல் குலைந்துபோனதைப் பற்றி யாரும் பேசவில்லை.

சகாரா பாலைவனத்தை ஒட்டித் தெற்கே உள்ள சாகேல் நிலப்பரப்பில், மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் சந்திக்கும் லிப்டாகோ-குர்மா பகுதியில் ஆயுதக் குழுக்கள் மோட்டார் சைக்கிளில்தான் நடமாடுகின்றன. ஒரு நாட்டு ராணுவம் விரட்டினால் அடுத்த நாட்டுக்குள் புகுந்துவிடும். அதற்காகவே சாட், மோரிடானியாவையும் சேர்த்து ஐந்து நாடுகள் 2017-இல் கூட்டுப்படை அமைத்தன. எல்லையின் இருபுறமும் 50 கி.மீ. வரை அது செயல்படலாம் என்பது மிகச் சரியான ஏற்பாடு. ஆனால் ஐ.நா.விடமிருந்து நிரந்தர நிதி கிடைக்கவில்லை. அவ்வப்போது வந்த நன்கொடையை நம்பியே ஓட்ட வேண்டியிருந்தது. 2018-இல் மாலியின் செவாரே நகரில் இருந்த அதன் தலைமையகமே தாக்கப்பட்டது. ஆட்சிக் கவிழ்ப்புகளுக்குப் பின் 2022-இல் மாலியும், அடுத்த ஆண்டு புர்கினா ஃபாசோவும் நைஜரும் கூட்டுப்படையிலிருந்து விலகின. 2025 ஜனவரியில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் எக்கோவாஸ் கூட்டமைப்பையும் இந்த மூன்று நாடுகளும் விட்டு வெளியேறின.

மூன்றும் இப்போது தனிக் கூட்டணியாக இருக்கின்றன. குழுக்களோ தெற்கே, அந்தக் கூட்டணியில் இல்லாத பெனின், டோகோ பக்கம் நகர்கின்றன. 2025 ஏப்ரலில் பெனினின் வடக்கு எல்லையில் ஒரே நாளில் நடந்த தாக்குதல்களில் 54 வீரர்கள் இறந்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து முன்னெச்சரிக்கை வருவதற்கு வழியே இல்லை. அரசியல் பகை தீரும்வரை காத்திருக்காமல், எல்லை முகாம் அதிகாரிகளுக்கு இடையே நேரடித் தகவல் தொடர்பையும், துரத்திச் செல்லும் அனுமதியையும் மட்டுமாவது மீட்க வேண்டும்.

கடல் இல்லாத மாலிக்கு எரிபொருள் அண்டை நாடுகளின் துறைமுகங்களான டாக்காரிலிருந்தும் அபிட்ஜானிலிருந்தும் டேங்கர் லாரிகளில்தான் வருகிறது. 2025-இல் ஆயுதக் குழுக்கள் அந்தச் சாலைகளை மறித்தே தலைநகர் பமாகோவில் பள்ளிகளை மூடவைத்தன. இப்படிப்பட்ட இடத்தில் மின்கோபுரப் பணியாளர்கள் ஊருக்கு வெளியே முகாமிட்டு, தினமும் ஒரே பாதையில் போய்வருகிறார்கள்.

வேலைக்குப் போகுமுன் நம் அரசின் அனுமதி பெற வேண்டிய நாடுகளின் பட்டியலில் உள்ள 18 நாடுகளில் மாலியும் இல்லை, நைஜரும் இல்லை. இருந்திருந்தாலும், அந்த அனுமதிச் சோதனை பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்கே பெரிதும் பொருந்தும். இந்த நாடுகளுக்கு வேலைக்குப் போகும் எல்லோருக்கும் அரசின் இ-மைக்ரேட் இணையதளப் பதிவைக் கட்டாயமாக்க வேண்டும். பணியிடம் எந்த மாவட்டம், முகாமுக்கு ஆயுதக் காவல் உண்டா, கடத்தப்பட்டால் குடும்பத்துக்குச் சம்பளம் தொடருமா என்பவை ஒப்பந்தத்தில் இருந்தால் மட்டுமே விசாவுக்கு அனுப்ப அனுமதிக்க வேண்டும்.

– வாசகர், திருநெல்வேலி