சேகுவுக்கு: நூலும் எறும்பும்

மண்டபம்

அன்புள்ள சேகு,

இங்கே கச்சான் காற்று ஊதத் தொடங்கிவிட்டது. தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் போய்வருகின்றன, மீன் விலைதான் இறங்கக் காணோம். வீட்டில் எல்லோரும் சுகம்.

உன் சிறுவர் கதையைப் படித்தேன். புதிர்க்கோட்டைக்குள் போகும் பிள்ளை கள்ளவழியில் தப்புவது நல்ல யோசனை. ஆனால் நீ வரைந்து அனுப்பியிருப்பது ஏழு சுற்றுக் கோட்டை. அதில் கிளையே கிடையாது. போகிற வழிதான் வருகிற வழி. கிரீட் தீவிலிருந்த நோசஸ் நகரத்துப் பழங்காசுகள் பலவற்றிலும் இதே படம்தான். இதற்குள் நூல் எதற்கு? கவர்வழிகளும் முட்டுச்சந்துகளும் வைத்து வேறு படம் போடு.

அடுத்தது நூல். பிள்ளை நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு நூல்கண்டை வாசலில் தோழியிடம் விட்டுப்போகிறாள் என்று எழுதியிருக்கிறாய். பத்து முக்கு திரும்புவதற்குள் நூல் அறுந்துவிடும். சுவர் முக்கில் நூல் உரசும் உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொள். ஒரு செங்கோணத் திருப்பத்தில் இழுவை 1.6 மடங்காகும். அடுத்த முக்கில் அதற்கும் 1.6 மடங்கு. இடம் திரும்பினாலும் வலம் திரும்பினாலும் பெருக்கல்தான், கழிவே இல்லை. பத்துத் திருப்பத்தில் ஏறக்குறைய 110 மடங்கு. வாசலில் 20 கிராம் பிடி இருந்தால் இடுப்பில் இரண்டு கிலோவுக்கு மேல் இழுக்கும். கிரேக்கக் கதையில் புதிர்க்கோட்டைக்குள் போய் மீண்ட தீசியஸ் நுனியைக் கதவில் கட்டினான். கண்டு கையில் இருந்தால் நூல் விழுந்த இடத்திலேயே கிடக்கும், உரசலே வராது. தங்கூஸ், அதாவது நைலான் தூண்டில் இழை, கொடுத்துவிடாதே; சுருட்டின வளைவு போகாமல் எழும்பிக் காலில் மாட்டும், இருட்டில் கண்ணுக்கும் தெரியாது. முறுக்கிய பருத்தி நூல் போதும். புது வழியில் போய்த் தன் நூலையே எதிரே கண்டால் தாண்டக் கூடாது, சுற்றிக்கொண்டே பின்வாங்க வேண்டும்.

குறி போடுவதானால், கோட்டையில் இருப்பவர்கள் மாற்ற முடியாத இடத்தில் போடட்டும். 1986-இல் வந்த ‘லாபிரிந்த்’ படத்தில் சாரா உதட்டுச்சாயத்தால் தரைக்கல்லில் அம்புக்குறி போட்டுக்கொண்டே போவாள். கீழே இருக்கிற குட்டிப் பூதம் கல்லையே திருப்பிப் போட்டுவிடும். ‘தி ஷைனிங்’ படத்துச் சிறுவன் பனியில் தன் காலடியிலேயே பின்னால் நடந்து அப்பனை ஏமாற்றுவானே, அதைத் தனுஷ்கோடி மணலில் வைக்காதே. கச்சான் மாதத்தில் காய்ந்த மணலில் தடமே நிற்காது. அலையோரத்து ஈரமணலுக்குக் கொண்டுபோ. சுவரைக் கைவிடாமல் தொட்டு நடப்பது கள்ளமே இல்லை. நடுவறையின் சுவர் வெளிச்சுவரோடு ஒட்டாமல் தீவாக நின்றால் அது பலிக்கவும் செய்யாது.

கள்ளவழியில் தப்பியவர்கள் கூட்டத்தில் அபிமன்யுவை நீ சேர்த்தது எனக்குப் பிடிக்கவில்லை. அவன் கூட்டுக்குள் போன மீன். வரம் வாங்கி வாசலை அடைத்தவன் ஜயத்ரதன், சூழ்ந்து அடித்தவர்கள் மகாரதிகள். கள்ளம் முழுக்க எதிர்ப்பக்கம்தான்.

என்னைக் கேட்டால் டெடலஸை எடுத்துக்கொள். கோட்டையைக் கட்டியவனும் அவன், தீசியஸுக்கு நூல் கொடுத்த அரியாட்னிக்கு அந்த யோசனையைச் சொன்னவனும் அவன். அந்தக் குற்றத்துக்காக கிரீட் மன்னன் மினோஸ் அவனை மகனோடு அதே கோட்டைக்குள் அடைத்தான் என்கிறார் கிரேக்கக் கதைகளைத் தொகுத்த அப்பல்லோடோரஸ். சுவருக்குக் கூரை இல்லை என்று கட்டியவனுக்குத் தெரியாதா? இறகால் பறந்துவிட்டான். அவனைப் பிடிக்க மினோஸ் ஊர் ஊராக ஒரு சுருள்சங்கைக் கொண்டுபோய், இதற்குள் நூல் கோப்பவனுக்குப் பரிசு என்றான். சிசிலியில் ஒளிந்திருந்த டெடலஸ் சங்கில் ஒரு துளை போட்டு, எறும்பின் மேல் நூலைக் கட்டி உள்ளே விட்டான். நூல் வெளியே வந்தது, அவன் இருக்கிற இடமும் வெளியே வந்தது.

நம் கரைக்கு இதைவிடப் பொருத்தமான கதை வேண்டுமா? ஊதுவதற்குச் சங்கின் நுனியை வெட்டுகிறோமே, அங்கே துளை வை. எறும்பை வாய்ப்பக்கமிருந்து விடு: வழி குறுகிக்கொண்டே போகும், திரிய இடமிருக்காது. நுனியிலிருந்து விட்டால் அகன்ற அறையில் அலைந்து நூலைச் சிக்கலாக்கும். கட்டெறும்பு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே தளர்முடிச்சு, ஒற்றைப் பட்டிழை. இங்கும் அதே கணக்குதான்: நூல் விறைத்தால் ஒரு முழுச்சுற்றுக்கு 6.6 மடங்கு, மூன்று சுற்றில் 290-ஐ நெருங்கும். எறும்பு நின்றுவிடும். அதனால் பிள்ளை எறும்புக்கு முன்னதாகவே இழையைத் தளர்த்தி ஊட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த இடத்தை ஒரு பக்கமாவது எழுது.

திருத்திய படத்தோடு அடுத்த அத்தியாயத்தையும் அனுப்பு.

உன்,
கருப்பையா